ஒரே வருஷம், ஒரே மாடல்... விலை மட்டும் இரண்டு மடங்கு! பழைய ஜப்பான் பேஸ் கிட்டாருக்கு நியாயமான விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

டோக்கியோவில் ஒச்சானோமிசு என்று ஒரு பகுதி இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இறக்கத்தில் நடந்தால் வரிசையாக கிட்டார் கடைகள்தான். அங்கே ஒரு கடையில் 1983-ல் தயாரான ஸ்கொயர் ப்ரெசிஷன் பேஸ் ஒன்று 95,000 யென் என்ற சீட்டோடு தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கடை தள்ளிப் போனால் அதே வருஷம், அதே மாடல், அதே பழுப்பு சன்பர்ஸ்ட் கலர். ஆனால் விலை 1,90,000 யென்.

இரண்டாவது கடைக்காரர் கொள்ளை அடிக்கிறாரா? இல்லை, முதல் கடைக்காரருக்கு விவரம் தெரியாதா? வாங்க வந்தவருக்கு இந்த இரண்டு சந்தேகமும் வரும். பெரும்பாலும் இரண்டுமே உண்மை இல்லை. இன்னும் சொல்லப்போனால், இந்த இரண்டில் விலை அதிகம் சொல்லப்பட்டிருப்பது அந்த 95,000 யென் பேஸுக்காகவும் இருக்கலாம். எப்படி என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பழைய காருக்கு ஆர்.சி. புக் இருக்கிறது, கிலோமீட்டர் மீட்டர் இருக்கிறது. 40 வருஷப் பழைய பேஸ் கிட்டாருக்கு அப்படி எதுவும் கிடையாது. "ஜப்பான் விண்டேஜ்" என்று ஒரு லேபிளை ஒட்டிவிட்டால் போதும், விலை ஏறிவிடுகிறது. சேமித்த பணத்தை எடுத்துக்கொண்டு முதல் நல்ல பேஸை வாங்கப் போகும் இளைஞர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். இன்னொரு பக்கம், அப்பா வாசித்த பேஸை என்ன செய்வது என்று தெரியாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் குடும்பங்களும் உண்டு.

ஜப்பான் பேஸுக்கு ஏன் இந்த மவுசு?

இளையராஜா பாடல்களில் மெட்டுக்கு அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே ஓடுமே, கனமான ஒரு சத்தம்... அதுதான் பேஸ் கிட்டார். எலெக்ட்ரிக் பேஸை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம். 1951-ல் ப்ரெசிஷன் பேஸ், 1960-ல் ஜாஸ் பேஸ். இன்று வரை பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

1965-ல் ஃபெண்டரை சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது. 70-களில் ஃபெண்டரின் தரம் இறங்கிவிட்டது என்ற பேச்சு வாத்தியக்காரர்களிடம் பரவலாக இருந்தது. அதே நேரத்தில் ஜப்பானில் பழைய ஃபெண்டரை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்து, அப்படியே நகல் எடுக்க ஆரம்பித்தார்கள். ஹமாமட்சுவின் டோகாய் நிறுவனம் 'ஹார்ட் பஞ்சர்' என்ற பெயரில் ப்ரெசிஷன் நகலையும், 'ஜாஸ் சவுண்ட்' என்ற பெயரில் ஜாஸ் பேஸ் நகலையும் விற்றது. நகானோ மாகாணத்தில் மட்சுமோட்டோ ஊரிலிருக்கும் ஃபுஜிஜென் தொழிற்சாலை கிரெகோ, ஐபனெஸ் பெயர்களில் வரும் வாத்தியங்களைத் தயாரித்தது.

நகலை அடக்க முடியாத ஃபெண்டர் கடைசியில் ஜப்பானுக்கே வந்தது. 1982-ல் காண்டா ஷோகாய், யமானோ என்ற இரண்டு ஜப்பானிய இசைக்கருவி வியாபார நிறுவனங்களோடு சேர்ந்து 'ஃபெண்டர் ஜப்பான்' உருவானது. தயாரிப்பு வேலை ஃபுஜிஜென்னுக்குப் போனது. ஏற்றுமதிக்கு ஸ்கொயர் என்ற பெயரும் வந்தது. நேற்று வரை நகல் எடுத்துக்கொண்டிருந்த அதே கைகள்தான் இன்று அசலைச் செய்தன!

இந்தப் பொற்காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1985 செப்டம்பரில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஓர் ஒப்பந்தம் போட்டன. டாலரின் மதிப்பைக் குறைப்பதுதான் நோக்கம். ஒரு டாலருக்கு சுமார் 240 யென் என்றிருந்தது, 1987 முடிவதற்குள் சுமார் 120 யென் ஆனது. அதாவது ஜப்பான் பேஸ் ஒன்றின் விலை அமெரிக்காவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வியாபாரம் கொரியாவுக்கு நகர்ந்தது. ஆரியா ப்ரோ 2, வெஸ்டோன் போன்ற பெயர்களில் அருமையான பேஸ்களைச் செய்துவந்த மட்சுமோகு தொழிற்சாலை 1987-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொடுத்த கம்பெனி அது. மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனும், டுரான் டுரானின் ஜான் டெய்லரும் வாசித்த ஆரியா எஸ்.பி.-1000 அங்கே பிறந்ததுதான்.

ஆகவே 'ஜப்பான் விண்டேஜ்' என்று மரியாதையோடு பேசப்படுவது பெரும்பாலும் 1977-லிருந்து 1987 வரையிலான பத்து வருஷச் சரக்கு. அதற்கு முன்னால், 60-களில் வந்த டெய்ஸ்கோ, குயாடோன் போன்றவை வேறு ரகம். பார்க்க விநோதமாக, அழகாக இருக்கும். மேடையில் வாசிக்க வாங்குவது என்றால் அவற்றுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

மாடல் எண்ணிலேயே விலை ஒளிந்திருக்கிறது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. அந்தக் கால ஜப்பான் கம்பெனிகள் பலவும், வாத்தியம் புதிதாக வந்தபோது இருந்த விலையை மாடல் எண்ணிலேயே எழுதிவிடும். டோகாய் பிபி-80 என்றால் அன்று 80,000 யென். ஃபெண்டர் ஜப்பான் ஜேபி62-115 என்றால், 1962 ஜாஸ் பேஸின் மறுபதிப்பு, விலை 1,15,000 யென்.

இதில் என்ன பிரயோஜனம்? ஒரே கம்பெனி, ஒரே வருஷம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேஸ்களில் ஒன்று கீழ்ப்படி மாடல், இன்னொன்று மேல்படி மாடல் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேல்படியில் நல்ல மரம், மெல்லிய லாக்கர் பூச்சு, உயர்தர பிக்-அப் கிடைக்கும். கீழ்ப்படியில் தடித்த பாலி பூச்சு, சாதாரண மரம். 70-களின் மலிவு மாடல்கள் சிலவற்றில் பாடியே பிளைவுட்தான். "டோகாய், 1981" என்று மட்டும் எழுதி விலை சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எந்த எண்?"

எல்லா கம்பெனிக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. தலைப்பகுதியில் மாடல் எண் அச்சாகாமல் வந்த வாத்தியங்களும் நிறைய. அப்போது பழைய கேட்டலாக்கை எடுத்து, இன்லே வடிவம், டியூனிங் கீ வகை, பிக்-கார்டு அடுக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் படியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்து கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எண்ணும் படமும் புரிந்துவிடும்.

சீரியல் நம்பர் சொல்வது பாதி உண்மை

ஃபுஜிஜென் செய்த ஐபனெஸ்ஸில் சீரியல் நம்பர் படிக்க சுலபம். முதல் எழுத்து மாதம்; ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு எண்கள் வருஷம். எச்78 என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட். ஃபெண்டர் ஜப்பானில் ஜே.வி. என்று தொடங்கினால் 1982-லிருந்து 1984 வரை. எஸ்.க்யூ. என்றால் 1983, 84. ஈ என்றால் 1984-லிருந்து 1987 வரை. இதில் ஜே.வி.-க்குத்தான் கூட்டம் அதிகம், விலையும் அதிகம். ஜே.வி.-யிலும் ஆரம்பத்தில் வந்த ஸ்கொயர்களில் 'ஃபெண்டர்' என்ற பெயர் பெரிதாகவும் 'ஸ்கொயர் சீரிஸ்' என்பது ஓரத்தில் சின்னதாகவும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துக்காகவே சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். சத்தத்துக்கும் அந்த எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேறு கதை.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஓர் இடம் வருகிறது. ஏ என்று தொடங்கும் ஃபெண்டர் ஜப்பான் சீரியல் இரண்டு காலங்களில் வந்தது. பக்கத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்தால் 1985-86. 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று இருந்தால் 1997-98. சுமார் 12 வருஷ வித்தியாசம்! 90-களின் கடைசியில் வந்ததை "80-ஸ் ஜப்பான் விண்டேஜ்" என்று விற்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. வாங்குகிறவரின் நஷ்டம் என்னவோ ஒன்றுதான். கிராஃப்டட் இன் ஜப்பான் மட்டமான வாத்தியம் இல்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் ஜே.வி. விலை கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. போல்ட் போட்ட பேஸில் சீரியல் பெரும்பாலும் நெக்கில்தான் இருக்கும், அல்லது பின்னாலுள்ள நெக் பிளேட்டில். நெக்கில் இருக்கும் நம்பர் நெக்கின் வயதைத்தான் சொல்லும், பாடியின் வயதை அல்ல. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக் தனியாக வந்துவிடும். ஜே.வி. நெக்கை வேறு ஏதோ பாடியில் மாட்டி, முழு ஜே.வி. என்று விற்பது அபூர்வமான தந்திரம் அல்ல. நெக் பிளேட்டை மாற்றுவது அதைவிடச் சுலபம். அதனால் பெரிய தொகை கொடுக்கும்போது நெக்கைக் கழற்றி, நெக்கின் அடிப்பகுதியையும் பாடியிலுள்ள குழியையும் போட்டோ எடுத்துக் கேட்பது தப்பே இல்லை. உள்ளே முத்திரை, பென்சில் குறிப்பு இருக்கலாம். முத்திரை இல்லாவிட்டாலும், மேலே பூசிய பெயின்டுக்கு அடியில் வேறு கலர் எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

'லாசூட்' என்ற மந்திரச் சொல்

விளம்பரத்தில் 'லாசூட் எரா' என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 1977-ல் கிப்சன் நிறுவனத்தின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ்ஸின் அமெரிக்க விநியோக நிறுவனமான எல்கர் மீது பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. பிரச்சினை, கிப்சன் கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைக் காப்பி அடித்தார்கள் என்பது. 1978-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

அந்த வழக்கில் டோகாய் இல்லை, கிரெகோ இல்லை, ஃபெண்டர் வடிவ பேஸ் எதுவும் இல்லை. அப்படியிருக்க, ஒரு ப்ரெசிஷன் நகலுக்கு 'லாசூட்' என்று பெயர் வைத்தால் அது வெறும் விளம்பர வார்த்தை. அந்த வார்த்தைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பெயரை விட பேக்டரி முக்கியம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். மட்சுமோகுவில் செய்த பேஸ் ஆரியா என்ற பெயரிலும் வரும், வெஸ்டோன், வான்டேஜ், எலெக்ட்ரா என்ற பெயர்களிலும் வரும். பெயர் தெரியாத லோகோ என்பதால் மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகும் பேஸில்தான் சில நேரம் உண்மையான லாபம் இருக்கிறது. அதே போல யமஹா பிபி-1200. பால் மெக்கார்ட்னியும், நியூ ஆர்டரின் பீட்டர் ஹூக்கும் வாசித்த மாடல் வரிசை. ஃபெண்டர் நகல் இல்லை, யமஹாவின் சொந்த வடிவமைப்பு. நெக் பாடியின் கடைசி வரை ஒரே மரமாக ஓடும். ஆனால் இந்த நெக்-த்ரூ அமைப்பில் நெக் கெட்டுப்போனால் கழற்றி மாற்ற முடியாது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையான பணம் நெக்கில்தான் இருக்கிறது

கீறல், பெயின்ட் உதிர்வு, பெல்ட் பக்கிள் தேய்த்த தடம்... இதெல்லாம் கண்ணில் முதலில் படும், ஆனால் விலையில் கடைசியில்தான் வர வேண்டும். பேஸின் நாலு கம்பிகளும் கிட்டார் கம்பியை விடத் தடிமனானவை. அந்த இழுவையை 40 வருஷம் தாங்கியது நெக். அது வளைந்திருந்தால் மற்றது எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பிரயோஜனமில்லை.

சோதிப்பது இப்படித்தான். தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு. இடைவெளியே இல்லையென்றால் பின்வளைவு. ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இருந்தால் முன்வளைவு. அடுத்து நெக்கின் அடியிலிருந்து தலைப்பக்கம் பார்த்து, இரண்டு ஓரமும் ரயில் தண்டவாளம் போல நேராக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மேலேறினால் அது முறுக்கல். முறுக்கிய நெக்கைப் பொறுத்தவரை பேரம் பேசுவதை விட கும்பிடு போட்டுவிட்டு வருவது நல்லது.

வளைவை டிரஸ் ராட் என்ற உள் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். ஆனால் அந்தத் திருகு ஏற்கெனவே கடைசி வரை இறுக்கப்பட்டிருந்தால்? இனிமேல் திருப்ப இடமில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெக் மீண்டும் வளைந்தால் ஃப்ரெட்போர்டையே பிரிக்கும் பெரிய வேலை வரும். பழைய ஃபெண்டர் பாணி மறுபதிப்புகளில் இந்தத் திருகு நெக்கின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும், நெக்கைக் கழற்றாமல் கை படாது. அதனால்தான் பல விற்பனையாளர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

ஜப்பானில் நேரடியாகவோ, புராக்சி சேவை வழியாக ஏலத்திலோ வாங்குகிறவர்கள் சில ஜப்பானிய வார்த்தைகளைக் கற்றுவைத்துக்கொண்டால் போதும். 'ஜுன்சோரி' என்றால் முன்வளைவு. 'கியாகுசோரி' பின்வளைவு. 'நெஜிரே' முறுக்கல். 'டிரஸ் ராட் யோயூ ஆரி' என்றிருந்தால் ராடில் இன்னும் திருப்ப இடம் இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம். ஃப்ரெட் எவ்வளவு மிச்சம் என்பதைப் பத்தில் இத்தனை பங்கு என்று 'வாரி' கணக்கில் எழுதுவார்கள். 'ஹாச்சிவாரி' என்றால் பத்தில் எட்டு. நல்ல நிலைமை. 'கோவாரி' என்றால் பாதிதான் மிச்சம், சீக்கிரமே செலவு வரப்போகிறது. 'ஜங்க்' என்று போட்டிருந்தால், வேலை செய்யுமா என்பதற்குக்கூட விற்பவர் பொறுப்பில்லை. 'நோ கிளெய்ம் நோ ரிட்டர்ன்' என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

எலெக்ட்ரிக்கல் பக்கம் பார்ப்பது சுலபம். கன்ட்ரோல் பிளேட்டைத் திறந்து சால்டரைப் பாருங்கள். 40 வருஷ சால்டர் மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வால்யூம் பாட் மாற்றியிருந்தால் பெரிய விஷயமில்லை, தேய்கிற பொருள்தான். பிக்-அப் மாற்றியிருந்தால் கேள்வி வேறு: பழையது பெட்டியில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் மதிப்பு அதிகம் குறையாது. இல்லையென்றால் குறையும். புதிதாக ஒரு பிக்-அப் பொருத்துவதற்காக மரத்தைக் குடைந்திருந்தால் நன்றாகவே குறையும். அதைத் திரும்பப் பழையபடி ஆக்கவே முடியாது. மறுபடி பெயின்ட் அடித்ததும் அப்படித்தான். எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும், சேகரிப்பாளர் விலையிலிருந்து அந்த பேஸ் வெளியே வந்துவிட்டது.

எடையைக் கேட்க மறக்காதீர்கள். நாலு கிலோவுக்குக் கீழே என்றால் கொடுத்துவைத்தவர். நாலரை கிலோவைத் தாண்டினால் இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்ததும் தோள்பட்டை சொல்லிவிடும். ஜப்பான் விளம்பரங்கள் பெரும்பாலும் எடையைப் போடும்; போடவில்லையென்றால் ஒரு காரணம் இருக்கலாம்.

சொன்ன விலை வேறு, விற்ற விலை வேறு

நியாயமான விலையைத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, இணையத்தில் இப்போது விற்பனைக்கு இருக்கும் விலைகளைப் பார்ப்பது. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் பேஸின் விலை, அது விற்காத விலை. பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலையை. யாஹூ ஆக்ஷன் ஜப்பானில் முடிந்த ஏலங்களைத் தேடலாம். மெர்காரியில் விற்றுப்போன பொருளும் விலையோடு தெரியும். ரிவெர்ப் தளத்திலும் விற்ற விலைகளைப் பார்க்க வழி இருக்கிறது. டிஜிமார்ட்டில் கடைகள் கேட்கும் விலைதான் இருக்கும். அதை மேல் எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு விலை மாறும் என்பதும் முக்கியம். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை போனது, 1986-க்குப் பிறகு அதுதான் யென்னின் பலவீனமான நிலை. டாலர் வைத்திருப்பவருக்கு ஜப்பான் விலை சலுகை விலையாகத் தெரிந்தது. அதனால் அமெரிக்காவில் விற்ற விலையை அப்படியே யென்னுக்கு மாற்றி ஜப்பானில் பேரம் பேசக் கூடாது. அங்கிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் கூரியர், சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும்; வரியைப் பொருளின் விலைக்கு மட்டுமல்லாமல் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் என்பதால் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2017-ல் எல்லா வகை ரோஸ்வுட்டுக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது, ஆனால் 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒச்சானோமிசுவில் பார்த்த அந்த இரண்டு ஜே.வி. ஸ்கொயர்களையே எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை, மார்க்கெட் நிலவரம் அல்ல.

கடந்த சில மாதங்களில் இதே மாடல் ஏழு விற்றிருப்பதாக வைப்போம். 98,000, 1,10,000, 1,18,000, 1,25,000, 1,32,000, 1,40,000, 2,05,000 யென். சராசரி எடுக்காதீர்கள், அந்த ஒரு 2,05,000 மொத்தக் கணக்கையும் மேலே இழுத்துவிடும். வரிசையில் நடுவில் நிற்பதை எடுங்கள். 1,25,000 யென். ஏழு பேஸ்களும் எப்படி இருந்தன என்று விளம்பரத்தைப் படித்துப் பார்த்தால், நடுவில் நிற்கிறவற்றில் ஃப்ரெட் பத்தில் ஏழு மிச்சம், பாகங்கள் அசல், ராடில் இடம் இருக்கிறது. ஆக, 1,25,000 என்பது அப்படிப்பட்ட பேஸின் விலை.

இப்போது 95,000 யென் பேஸ். ஃப்ரெட் பத்தில் நாலுதான் மிச்சம். முழுசாக மாற்ற 50,000 யென் ஆகும் என்று வைப்போம். முழு ஐம்பதையும் கழிக்கலாமா? கூடாது. நடு விலைக்குப் போன பேஸ்களுக்கும் சில வருஷங்களில் இதே செலவு வரத்தான் போகிறது. நாம் கழிக்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும், பாதி, 25,000. டியூனிங் கீ மாற்றப்பட்டிருக்கிறது, பழையது இல்லை: 10,000. டிரஸ் ராடில் கால் திருப்புக்கு மேல் இடமில்லை. இன்றைக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் நாளைய ரிஸ்க்கை யார் சுமப்பது? நீங்கள்தான். அதற்கு 20,000. பிரிட்ஜ் மேல் இருந்த உலோக மூடி காணோம்; அதை எல்லோரும் கழற்றித் தொலைத்துவிட்டார்கள், அதற்கு எதுவும் கழிக்க வேண்டாம். ஆக மொத்தம் 55,000. கழித்தால் 70,000 யென்.

பார்த்தீர்களா? மலிவாகத் தெரிந்த பேஸுக்கு 25,000 யென் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

1,90,000 யென் பேஸ்? பெரிய 'ஃபெண்டர்' லோகோ உள்ள ஆரம்ப வரவு, எல்லாம் அசல், 3.7 கிலோ, அசல் கேஸ், ஃப்ரெட் பத்தில் ஒன்பது. இதை நடு விலையோடு ஒப்பிட முடியாது. இதற்குச் சமமானது வரிசையில் ஒன்றே ஒன்று, அந்த 2,05,000. ஒரே ஒரு விற்பனையை வைத்து விலையை நிர்ணயிப்பது ஆபத்து, ஆனாலும் 1,90,000 என்பது அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. சேகரிப்பாளருக்கு அது நியாயமான விலை. வாரக் கடைசியில் கச்சேரிக்கு எடுத்துப்போய், வியர்வை பட வாசிக்கப் போகிறவர் அந்த லோகோவுக்கும் கேஸுக்கும் பணம் கட்டுவது வீண். அவருக்கு நல்லது, மூன்றாவதாக இன்னொரு கடையில் 1,20,000-க்குக் கிடைக்கக்கூடிய கீறல் விழுந்த, நெக் நேராக இருக்கும் ஒன்று.

கழிப்பதற்கு இருக்கும் விதி கூட்டுவதற்குக் கிடையாது என்பதையும் கவனித்திருப்பீர்கள். விற்பவர் 30,000 யென்னுக்குப் புது பிரிட்ஜ் போட்டேன், 25,000 யென்னுக்கு அமெரிக்க பிக்-அப் போட்டேன் என்று பில் காட்டலாம். அது அவருடைய ரசனை. பழைய பாகங்கள் பெட்டியில் இருந்தால் அந்தப் புதிய பாகங்களைக் கழற்றி விற்றால் என்ன கிடைக்குமோ, அதில் பாதியைக் கூட்டுங்கள், போதும்.

விற்கிறவர் பக்கத்திலிருந்து

வீட்டில் பழைய பேஸ் ஒன்று இருக்கிறது, கடைக்குக் கொண்டுபோனால் என்ன கிடைக்கும்? கடைக்காரர் வாடகை கட்ட வேண்டும், ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க வேண்டும், கேரண்டி கொடுக்க வேண்டும். அதனால் அவர் விற்கப்போகும் விலையில் பாதியோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் உங்களுக்குக் கிடைக்கும். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் மாடல் எண்ணையும் சீரியலையும் தெரிந்துகொள்ளாமல் "பழைய பேஸ்ங்க, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று நீட்டினால், அந்தப் பாதி எதனுடைய பாதி என்பதே உங்களுக்குத் தெரியாது. கொண்டுபோவதற்கு முன் துடைக்கலாம், தூசி தட்டலாம். கம்பியைப் புதிதாக மாற்றலாம். பாலிஷ் போடுவது, பெயின்டைத் தொட்டுச் சரி செய்வது, 'நல்லா இருக்கட்டும்' என்று புது நாப் வாங்கி மாட்டுவது... இது எதுவும் வேண்டாம். கேஸின் பாக்கெட்டில் கிடக்கும் பழைய ஸ்க்ரூ, உடைந்த பிளாஸ்டிக் துண்டு, கடை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பேரம் பேசும்போது

மறுபடி அந்த 95,000 யென் பேஸ். உங்கள் கணக்கு 70,000. "விலை ஜாஸ்தி" என்று மொட்டையாகச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் இறங்க மாட்டார். "ராடில் இடமில்லை, ஃப்ரெட் நாலு வாரிதான் மிச்சம், கீ அசல் இல்லை" என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லி, நீங்கள் பார்த்த விற்ற விலைகளையும் போனில் காட்டுங்கள். ஜப்பான் கடைகளில் பேரம் நம்மூர் மாதிரி நடக்காது; பெரிய கடைகளில் கொஞ்சம்தான் இறங்குவார்கள், அதையும் மெதுவாக, மரியாதையாகக் கேட்க வேண்டும். பணமாகக் குறைக்காவிட்டால் ஃப்ரெட் வேலையைச் செய்துதர முடியுமா, செட்-அப் இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்கலாம். 75,000 வரை வந்தால் வாங்கலாம். 85,000-ல் நின்றுவிட்டால் கிளம்பிவிடுங்கள், ஜே.வி. ஸ்கொயர் ஆயிரக்கணக்கில் வந்த மாடல், அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

தொலைவிலிருந்து வாங்கினால், அனுப்புவதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழே நெக் அசையாதபடி பேப்பரோ துணியோ அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். கம்பியை மறுபடி இறுக்கி, ஒரு வாரம் வீட்டுக் காற்றில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு நெக் இடைவெளியைத் திரும்ப ஒருமுறை அளந்து பாருங்கள்.